மைக்கில் சொல்லிவிட்டார்கள்

என் வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு பாராட்டு விழா நடந்தது. அதற்கு நாற்காலி போட்டது நான். வாசலில் வாழைமரம் கட்டியது நான். பொன்னாடையைப் பதுளை பஜாரில் போய் வாங்கி வந்தது நான். விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, என் கழுத்து மாலையிலிருந்து உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளியதும் நான்தான். கைதட்டுவதை மட்டும் மற்றவர்களிடம் விட்டுவிட்டேன். எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்தால் பார்க்க நன்றாக இருக்காது.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் சிற்றூழியர். நியமனக் கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு அழகு உண்டு. அதற்குள் மணி அடிக்கிறவர் இருக்கிறார். கேட் திறக்கிறவர் இருக்கிறார். வலயக் கல்விப் பணிமனைக்குப் பைல் தூக்கிக்கொண்டு போகிறவரும், ஸ்டாப் ரூமில் தேத்தண்ணி ஊற்றுகிறவரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பின்னால், கதவை ஒட்டி, கக்கூஸ் கழுவுகிறவரும் நிற்கிறார். இத்தனை பேருக்கும் ஒரே சட்டைதான். அந்தக் கடைசி ஆள் மட்டும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார்.

அவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்காதபடி நான் பார்த்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கக்கூஸைக் கழுவிவிட்டு, கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு, ஸ்டாப் ரூமில் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். கோப்பைகள் அப்படியே ஆறிப்போயின. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து விடிகிறதற்கு முன்னால் பாடசாலைக்குப் போய்விடுவேன். அந்த நேரத்துத் தண்ணீர் கையில் பட்டால் விரல் நம்முடையதா இன்னொருவருடையதா என்று சந்தேகம் வரும். கழுவி முடித்து, அங்கேயே மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணியில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கேட்டைத் திறந்தால், முதலில் வருகிற பிள்ளைக்குக் காலை வணக்கம் சொல்வது ஒரு மணி அடிக்கிறவர்தான். கக்கூஸ் எப்படிச் சுத்தமானது என்று யாரும் கேட்பதில்லை. தேயிலை மலையிலிருந்து ஏதோ நல்ல பேய் இறங்கி வந்து கழுவிவிட்டுப் போகிறது என்று நினைத்திருக்கலாம். தேத்தண்ணியை எல்லோரும் குடித்தார்கள். ரெண்டாவது கோப்பையும் கேட்டார்கள்.

அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தில் வாசக்கூட்டி என்று ஒரு வேலை உண்டு. லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கானையும் கக்கூஸையும் சுத்தம் செய்கிற வேலை. அந்த வேலைக்காரருக்கு லயத்தின் கடைசிக் காம்பராவைத்தான் கொடுப்பார்கள். கல்யாண வீட்டில் அவர்களுக்குக் கடைசிப் பந்தி. சின்ன வயதில் எங்கள் அம்மா அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்புறம் அரசாங்க வேலை கிடைத்தது என்று தோட்டமே என் கையைப் பிடித்துக் குலுக்கியது. கொழுந்துக் கூடையிலிருந்து தப்பித்தவன், மாதச் சம்பளக்காரன், பென்ஷன்காரன். அந்தக் கையில்தான் கக்கூஸ் தேய்க்கிற தும்புத்தடி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. நானும் அந்த மரியாதையை நம்பித்தான் இத்தனை வருஷம் குளிரில் குளித்தேன்.

என் மகளுக்கு வயது முப்பதைத் தொடப் போகிறது. பதுளை டவுனில் ஒரு பார்மசியில் நிற்கிறாள். டாக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவள். அப்பாவின் முகத்தை வாசிப்பது அவளுக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. வந்த சம்பந்தங்கள் ஒன்றொன்றாகத் தட்டிப்போய், கடைசியில் ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பையன் தபால் கந்தோரில் வேலை. அவனுடைய அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கப்பிள்ளைமார் ஓய்வு பெற்றாலும் அவர்கள் குரல் ஓய்வு பெறுவதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரித்தான் பேசினார்.

"ஸ்கூல்ல என்ன வேலைங்க உங்களுக்கு?"

"சிற்றூழியருங்க."

"அதாவது மணி அடிக்கிறது, பைல் கொண்டுபோறது, அப்படித்தானே?"

"ஆமாங்க. மணி அடிக்கிறதுதான் முக்கியமுங்க. நான் அடிக்கலேன்னா அதிபரே வீட்டுக்குப் போக முடியாது."

சிரித்தார். "கவர்மெண்டு வேலைதானே. பென்ஷன் உண்டுதானே. அது போதும் சம்பந்தி" என்றார். முதல் நாளே சம்பந்தி என்று சொல்லிவிட்டார். என் மனைவி சமையலறையில் வடையைத் திருப்ப மறந்துவிட்டாள்.

ஜாதகம் பார்த்தார்கள். நல்ல பொருத்தம் என்றார்கள். சோசியர் ரெண்டு விரலை மடக்கிக்காட்டி, இது ரெண்டு மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி, மற்றதெல்லாம் தங்கம் என்றாராம். மகளும் அந்தப் பையனும் போனில் பேச ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், பாதையோரத்து மதகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு ஏறி வருவாள். வருகிறபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டோம். கண் பட்டுவிடும் என்று மனைவி என்னையும் பார்க்க விடமாட்டாள். தை மாதம் நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பாடசாலை அதிபருக்கு என்னைப் பாராட்ட வேண்டும் என்று தோன்றியது.

அதிபர் நல்லவர். முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மீதியைக் கேட்டுவிட்டு அவரைத் திட்டத் தோன்றும். டவுனிலிருந்து மாற்றலாகி வந்த அம்மா. வந்த நாளிலிருந்து என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட வைத்தார். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு பாடசாலையில் துப்புரவு செய்கிறவர் வருகிற வழியில் பிள்ளைகள் ரெண்டு பக்கமும் நின்று கைதட்டுகிறார்கள், அந்த ஆள் அழுகிறார். அதை என்னிடமும் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணே? நம்ம ஊர்ல ஒருத்தர் செத்தாத்தான் நல்லது சொல்லுவோம். இந்தப் பரிசளிப்பு விழாவில உங்களுக்குப் பொன்னாடை போத்துறோம்."

"எனக்கெதுக்கு மிஸ்? நான் இன்னும் சாகலையே."

"அதுக்குத்தான் இப்பவே" என்றார். சிரிக்கவில்லை. நல்லவர்களிடம் இதுதான் கஷ்டம். பகிடியை நேராக எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் சொன்னேன். மனைவிக்கு முதலில் சந்தோஷம். பொன்னாடை என்றால் அவளுக்கு மந்திரிமார் கழுத்தில் கிடக்கிற சாமான். மகள்தான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எதுக்காம் பாராட்டு?"

"வேலைக்குத்தான்."

"எந்த வேலைக்கு?"

அந்தத் தட்டை நான் எடுத்து ஓரமாக வைத்தேன். அவளே சொன்னாள்: "அப்பா, எனக்கு உங்க வேலையில ஒரு வெக்கமும் இல்ல. நான் அவர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும். ஆனா அவங்க வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசுறதில்லையாம். நிச்சயம் முடியட்டும்னு சொன்னாரு. அது வரைக்கும் யாரும் ஒண்ணும் சத்தமா சொல்லாம இருந்தாப் போதும்."

சத்தமாகச் சொல்லாமல் இருப்பது. நான் இத்தனை வருஷமாகச் செய்துவருவது அதைத்தானே. எளிதாகத்தான் தோன்றியது.

மறுநாள் அதிபரின் அறைக்குப் போய், பொன்னாடை வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். உடம்பு சரியில்லை என்றேன். அன்றைக்கு ஆட்டோ அனுப்புகிறேன் என்றார். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"மிஸ், மகளுக்கு ஒரு சம்பந்தம் அமைஞ்சிருக்கு. அவங்களுக்கு நான் மணி அடிக்கிறவன். நீங்க கக்கூஸ் அது இதுன்னு மேடையில சொல்லிட்டீங்கன்னா, அங்கிட்டு ஆளுங்க வேற மாதிரிப் பேசுவாங்க."

அதிபரின் முகம் சிவந்தது. எனக்காகச் சிவந்ததுதான். "எந்த வேலையும் கேவலம் இல்ல அண்ணே. அப்படி நெனைக்கிற குடும்பத்துக்கு எதுக்கு உங்க பொண்ணைக் குடுக்கணும்?"

அவர் சொன்னது ரொம்பச் சரி. சரியான பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது, தலையை ஆட்டத்தான் முடியும். ஆனால் அவருடைய மகள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். என் மகள் மதகில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டாமல் நின்றதைப் பார்த்து அவரே இறங்கி வந்தார்.

"சரி. நான் அதைச் சொல்ல மாட்டேன். ‘பாடசாலைக்கு நீண்டகாலச் சேவை’ன்னு மட்டும் சொல்றேன். போதுமா?"

"தாராளமாப் போதும் மிஸ். மணியைப் பத்தி ரெண்டு வார்த்தை சேத்துக்கங்க."

பொன்னாடை வாங்க உப அதிபர் என்னைத்தான் பதுளைக்கு அனுப்பினார். எப்போதும் நான்தான் வாங்கப் போவேன். உண்மையில் எங்கள் பாடசாலையில் புதிதாக வாங்குவதே குறைவு. வருகிற அதிகாரிகள் பாதிப் பேர் பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நான் எடுத்து இஸ்திரி போட்டு அலுமாரியில் வைப்பேன். அடுத்த அதிகாரிக்கு அதே பொன்னாடை. ஒன்று இருக்கிறது, அது போர்த்தாத தோள் இந்த மாகாணத்தில் இல்லை. ஆனால் எனக்குப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று அதிபர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

பஜாரில் வழக்கமாக வாங்குகிற துணிக்கடை முதலாளிக்கு என்னை நன்றாகத் தெரியும். அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து போட்ட கடை.

"வாங்க வாங்க. இந்த வாட்டி யாருங்க? மந்திரியா, பணிப்பாளரா?"

"எனக்குத்தாங்க."

அவர் கையில் எடுத்த அகலமான ஜரிகையைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, கொஞ்சம் மெல்லிசான ஒன்றை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. "இல்லண்ணே, இது ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று சமாளித்தார்.

"என் நெறத்துக்கு எதுவும் எடுப்பா இருக்காதுங்க மொதலாளி. அதையே குடுங்க."

விழா நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் தகரக்கூரையில் தூறல் விழுந்தாலே உள்ளே யார் பேசுவதும் கேட்காது. அது இன்னும் பலமாகப் பெய்யட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். விடியுமுன் கழுவ வேண்டியதைக் கழுவி, குளித்து, நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்தேன். "ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு." அந்த மைக்கைச் சரிபார்க்காமல் விட்டிருந்தாலும் புண்ணியமாகப் போயிருக்கும்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏறினேன். அங்கே எனக்கு நாற்காலி இல்லை. விருந்தினர், அதிபர், உப அதிபர், பெற்றோர் சங்கத்தலைவர் என்று பழக்கப்படி எண்ணிப் போட்டிருந்தேன், என்னைச் சேர்க்கவில்லை. உப அதிபர் கீழே பார்த்து, "யாராவது ஒரு கதிரை கொண்டாங்கப்பா" என்றார். யாரும் அசையவில்லை. அந்த ‘யாராவது’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் இறங்கிப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் எழும்பி ஒரு கும்பிடு போட்டேன். அந்த இடம் வரைக்கும் நல்ல விழாதான்.

அதிபர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நீண்டகாலச் சேவை என்றார். மணியைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னார். மாலை போட்டு, பொன்னாடையைப் போர்த்தினார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன். பரவாயில்லை என்கிற மாதிரித் தலையசைத்தாள்.

அப்புறம் பிரதம விருந்தினர் எழும்பினார். வலயத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. எதைச் சொல்லக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பிள்ளைகளே! நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தை, நம்மைப் பெற்ற தாயும் அருவருக்கிற அந்த மலசலகூடத்தை, தன் வெறுங்கையால் தினந்தோறும் கழுவுகின்ற மாமனிதர் இவர்! இவர் கழுவாவிட்டால் இந்தப் பாடசாலை நாறிப்போய்விடும்! இந்தக் கையைப் பாருங்கள் பிள்ளைகளே, இந்தக் கையை!"

என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். குத்துச்சண்டையில் ஜெயித்தவனின் கையைத் தூக்குகிற மாதிரி. வெறுங்கை என்பது பொய், நான் கையுறை போடுவேன், என் காசில் வாங்கினது. அதைத் திருத்துகிற இடமில்லை அது. எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். சில டீச்சர்மார் கண்ணைத் துடைத்தார்கள். மழை நின்றிருந்தது. கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற சேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். பேஸ்புக்கில் லைவ் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் முழுக்க நின்றதில் என் மகளை எனக்குத் தெரியவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும் விருந்தினர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?" என்றார். சாப்பிடப் போகிறவர் கை கழுவத்தானே வேண்டும். நான் தப்பாக நினைக்கவில்லை. நினைத்தேன், ஆனாலும் சவர்க்காரம் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் தேய்த்தார்.

அன்று மத்தியானமே அந்தப் படம் எங்கும் போய்விட்டது. பொன்னாடையோடு, கையைத் தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி நான். கீழே ‘மலசலகூடம் கழுவும் மாமனிதர்’ என்று எழுதியிருந்தது. முந்நூறு பேருக்கு மேல் அதை விரும்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் காட்டினாள். முதலில் விரும்பினவர்களில் அந்தப் பையனின் பேரும் இருந்தது. சின்னதாக ஒரு இதயம். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாயங்காலம் மகள் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். மற்ற இதயங்கள் எல்லாம் இருந்தன. அதை மட்டும் காணவில்லை.

அவள் மதகுக்குப் போய் உட்கார்ந்தாள். போன் வரவில்லை. இருட்டுகிறதற்கு முன் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஹல்துமுல்லையிலிருந்து கணக்கப்பிள்ளை பேசினார். குரல் தணிந்திருந்தது. அவர் குரலைத் தணிக்க முடியும் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சம்பந்தி… இல்ல, வந்துங்க, ஜாதகத்தை வேற ஒரு எடத்துல காட்டினோம். பொருத்தம் கொஞ்சம் சரியில்லேன்னு சொல்லிட்டாங்க."

"நல்ல பொருத்தம்னு சொன்னாங்களேங்க."

"அது பழைய சோசியர். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

கிரகங்களும் பேஸ்புக் பார்க்கின்றன போல என்று சொல்ல வாய்வரை வந்தது. இந்த ஒரு தடவை அடக்கிக்கொண்டேன். போனை மறு காதுக்கு மாற்றினேன். அவருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டு, பழைய குரலில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டார்:

"ஏங்க அந்த மேடையில போய் ஏறுனீங்க?"

"நானா ஏறலீங்க. ஏத்திட்டாங்க."

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? தெரியுமுங்க. சிற்றூழியர்னா என்னென்ன வேலைன்னு தெரியாதா? நானும் தோட்டத்துல இருந்தவன்தான். தெரிஞ்சுதான் வந்தோம். அது பாட்டுக்கு இருந்திருக்கும். இப்ப மைக்குல சொல்லிட்டாங்களே. எங்க ஆளுங்க எல்லாரும் பாத்துட்டாங்க. ‘அவங்க எந்த ஆளுங்க’ன்னு கேக்குறாங்க. கல்யாணப் பந்தியில யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க. நான் என்ன பண்றது சொல்லுங்க?"

அவர் கெட்டவர் என்றால் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் குரலில் உண்மையிலேயே ஒரு நோவு இருந்தது. தான் கட்டின சுவரைத் தானே ஏறிக் குதிக்க முடியாத ஆள். "பரவால்லீங்க" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனின் சத்தம் பெரிசு. முழுக்கக் கேட்டிருந்தாள்.

"அவரு பேசினாரா?" என்றாள். பையனைக் கேட்கிறாள்.

"இல்லம்மா. அவங்கப்பாதான்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்து, முதலாளி பிடித்துக்கொண்டாராம். அவளே வந்து சொன்னாள், ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி. மதகில் உட்காராமல் நேராக வீட்டுக்கு வந்தாள். முகத்து வெளிச்சத்தைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டிய வேலை எங்களுக்கு இல்லாமல் போனது.

பாடசாலையிலும் ஒன்று நடந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை இடைவேளைக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, நன்றாகத்தான் போட்டிருந்தேன். ஒரு டீச்சர் பையிலிருந்து பிளாஸ்க் எடுத்தார். "டாக்டர் சீனி வேணாம்னுட்டாரு அண்ணே" என்றார். அடுத்த நாள் ரெண்டு பிளாஸ்க். அந்த வாரம் முடிவதற்குள் ஸ்டாப் ரூம் மேசை பிளாஸ்க் கடை மாதிரி ஆகிவிட்டது. விழாவில் கண்ணைத் துடைத்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் அழுதது பொய் என்று சொல்லமாட்டேன். ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும், ஒரே சட்டைக்குள் அத்தனை பேராக வாழ்ந்தவன் எனக்குத் தெரியாதா. அதிபர் மட்டும் என் தேத்தண்ணியைக் குடித்தார். ஒவ்வொரு நாளும், எல்லோரும் பார்க்க, ஒரு மிடறு விடாமல் குடித்தார். மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும் பார்க்க. சம்பந்தம் முறிந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் கோப்பையைத் திருப்பித் தரும்போது, "அண்ணே, நான்…" என்று ஆரம்பித்தார். "சீனி கூடிப்போச்சா மிஸ்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குள் இன்னொரு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அலுமாரியைத் திறந்து பார்த்தால், மாகாணம் முழுக்கப் போர்த்திய அந்தப் பழையதில் கரப்பான் ஓட்டை போட்டிருந்தது. உப அதிபர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதய்யா. ஒன்னோடது புதுசாத்தானே இருக்கும்? ஒரு அரை மணித்தியாலம்தான்."

"போத்தின கழுத்து யாருதுன்னு அவருக்குச் சொல்ல மாட்டீங்களே சேர்?"

"ஏன்யா என்னைய இப்படிக் கொல்ற."

வீடு பக்கம்தான். ஏறிப்போய், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மனைவி மடித்து வைத்திருந்ததை எடுத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அதிகாரிக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மெல்லிசுதான், ஆனால் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. போகும்போது வழக்கம்போல நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்து அலுமாரியில் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

சாயங்காலம் மகள் கேட்டாள். "எங்கப்பா, சாமிகிட்ட இருந்த பொன்னாடையைக் காணோம்?"

"வேற ஒருத்தருக்குப் போத்திட்டாங்கம்மா."

என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன், பகிடி என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு வேறு ஒன்றாக மாறிவிட்டது. மனைவி வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். மலைப்பக்கம் பனி இறங்கி, லயத்துக் கூரைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள்தான் சொன்னாள்.

"இனிமே வர்ற எடத்துக்கெல்லாம் ஜாதகத்தோட அந்தப் போட்டோவையும் அனுப்பிடுங்க. கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்களே, அதைத்தான். பாத்துட்டு வர்றவங்க வரட்டும்."

"யாரும் வராட்டி?"

"வராட்டி வர வேணாம்."

கல்யாணப் புரோக்கரிடம் அப்படியே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்ணே, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறீங்களா, இல்ல எலெக்ஷன் கேக்குறீங்களா?" என்றார். ஆனாலும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு இடத்துக்குப் போனது. பதுளைக்குள்ளேயே ஒரு இடத்துக்குப் போனது. ஜாதகம் திரும்பி வருகிறது. படத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவள் ஒவ்வொரு மாதமும் புரோக்கரிடம் என்ன ஆனது என்று கேட்கச் சொல்கிறாள், நான் கேட்கிறேன், இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

நான் விடியுமுன் போவதை நிறுத்திவிட்டேன். யாருக்காக அந்தக் குளிரில் குளிப்பது? இப்போது இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, பட்டப்பகலில், வெயில் இருக்கும்போது கழுவுகிறேன். தண்ணீர் அவ்வளவு சில்லிடுவதில்லை. ஸ்டாப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் நான் தெரிவேன். அந்த ஜன்னலை இப்போது சாத்தி வைத்திருக்கிறார்கள். காற்று அடிக்கிறதாம்.